ஜான் ஆபிரகாம் படம் போட வாடகை செட்: கொழிஞ்சாம்பாறை

கேரளத்தின் பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலூகாவில் வாசகசாலையோ கிளப்போ மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாம் எடுத்த படம் போடுவதாக இருந்தால், கொழிஞ்சாம்பாறையில் கிடைக்கும் வாடகை செட்டே போதும். 3000 லூமென் புரொஜக்டர், 10-க்கு 8 அடித் துணித்திரை, இரண்டு ஸ்பீக்கர், கூடவே ஒரு பையன். ஆனால் கல்யாண வீடியோவுக்கு வைத்த செட்டிங்கிலேயே ஓட்டிவிடுவார்கள். அங்கேதான் வம்பு.

'அக்ரஹாரத்தில் கழுதை' (1977), 'அம்ம அறியான்' (1986) இரண்டும் பழைய 4:3 அளவில் (அகலம் நாலு பங்கு, உயரம் மூன்று பங்கு) எடுத்தவை. செட்டில் இன்றைய அகலத்திரை அளவான 16:9-க்கு இழுத்து வைத்திருப்பதால் முதல் படத்தில் வரும் பேராசிரியர் பருத்துப்போவார், அவர் வளர்க்கும் கழுதைக்குட்டி குள்ளமாகிவிடும். ரிமோட்டில் ஆஸ்பெக்ட்டை 4:3-க்கு மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதும் படம் ஏழரை அடி அகலத்துக்குச் சுருங்கும். திரை நிறைய வேண்டுமென்றால் 15 அடியில் நிற்கும் புரொஜக்டரை 20 அடிக்குப் பின்னால் நகர்த்த வேண்டும். வெளிச்சம் மங்கும் என்பதால் நன்றாக இருட்டியபின், 7 மணிக்கு மேல் தொடங்குங்கள். 'டைனமிக்' மோடை அணைத்து 'சினிமா' மோடு வையுங்கள். இல்லாவிட்டால் கறுப்பு வெள்ளைப் படமான 'அம்ம அறியான்' பச்சையடிக்கும்.

திரை கட்டும் விதத்தில் செட்டுக்குப் பாதி மார்க்குதான். நாலு மூலைக் கயிறு கல்யாண மண்டபத்துக்குச் சரி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் திறந்தவெளியில் துணி பாய்மரமாகிவிடும். அடியில் மணல்மூட்டை வைத்து, பக்கத்துக்கு மூன்று கயிறாவது இழுத்துக் கட்ட வேண்டும். சுண்ணாம்பு அடித்த சுவர் கிடைத்தால் திரையே வேண்டாம்.

ஜான் நாலே நாலு முழுநீளப் படம் எடுத்தவர். கடைசிப் படமான 'அம்ம அறியான்' எடுக்க, அவரும் நண்பர்களும் தொடங்கிய ஒடேசா கூட்டுக்குழு ஊர் ஊராகப் படம் காட்டி மக்களிடம் காசு திரட்டியது. முற்றத்தில் துணி கட்டிப் பார்ப்பது அந்தப் படத்துக்குக் குறைவான ஏற்பாடு இல்லை, அதன் சொந்த ஏற்பாடே அதுதான். கல்பாத்தி அக்ரஹாரம் இருக்கும் ஜில்லாவில் கழுதைப் படத்தை முதலில் போடுங்கள். தமிழ்ப் படம், பேச்சுக்கும் நிறைய இடம் கொடுக்கும்.

இந்தப் படங்களின் ஒலி மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலி. ஒரு ஸ்பீக்கர் மட்டும் பேசினால் மிக்சரில் மோனோ பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். 'ம்ம்' என்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். ஜெனரேட்டரை 100 அடி தள்ளி, காற்று போகும் பக்கம் வையுங்கள். பையன் சொன்னதைச் செய்வான், சொல்லாமல் செய்யமாட்டான். 5 மணிக்கே வரச் சொல்லிவிடுங்கள்.