நீதிமன்ற அவமதிப்புச் சட்டம்: ஒரு பேர் ஆக்ட் புத்தகத்தைப் புரட்டியபோது

ஒரு மாத இதழில் பிழை திருத்துவது என் வேலை. தீர்ப்பு பற்றிய கட்டுரை வரும்போதெல்லாம் ஆசிரியர் என்னிடம் கேட்பது, "நீதிபதியைப் பத்தி இப்படி எழுதலாமா?" என்றுதான். அதற்காகவே 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் பேர் ஆக்ட் (சட்ட வாசகத்தை அப்படியே அச்சிட்ட புத்தகம்) ஒன்றை வாங்கினேன். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ், ஒவ்வொரு பிரிவுக்கும் கீழே வழக்குக் குறிப்புகள். பதிப்பகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

அச்சு தெளிவு, தமிழும் பரவாயில்லை. குறிப்புகளைத் தொகுத்தவர் விவரமானவர். 5ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். இறுதியாக முடிந்த வழக்கைப் பற்றி நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்கிறது. இதை மட்டும் படித்தால் தைரியம் வந்துவிடும். ஆனால் 2ஆம் பிரிவின்படி, நீதிமன்றத்தின் மதிப்பைக் குறைக்கக்கூடிய பேச்சே குற்றவியல் அவமதிப்புதான். உண்மையில் மதிப்பு குறைந்ததா என்று யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே?

அதற்குத் தொகுத்தவர் இரண்டு வழக்குகளை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். நீதிபதிகள் வர்க்கச் சார்பு உள்ளவர்கள் என்று கேரள முதலமைச்சராக இருந்தபோது சொன்னார் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு. 1970இல் உச்ச நீதிமன்றம் அதை அவமதிப்பு என்றே உறுதிசெய்தது; 1000 ரூபாய் அபராதத்தை மட்டும் 50 ரூபாயாகக் குறைத்தது. மத்திய அமைச்சராக இருந்த சிவசங்கர், சமூக விரோதிகளுக்கு உச்ச நீதிமன்றம் புகலிடமாகிவிட்டது என்கிற அளவுக்குப் பேசினார். 1988இல் அதே நீதிமன்றம் அது அவமதிப்பு இல்லை என்றது. இரண்டையும் படித்த பிறகு ஆசிரியருக்கு என்ன பதில் சொல்வது? இது புத்தகத்தின் குறை அல்ல, சட்டமே அப்படித்தான் இருக்கிறது. (நமக்கு இந்தக் குற்றத்தைக் கொடுத்த இங்கிலாந்து, நீதிமன்றத்தை இழிவுபடுத்துதல் என்பதை 2013இல் தன் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டது.)

புத்தகத்தின் குறை 13ஆம் பிரிவில் இருக்கிறது. "நான் சொன்னது உண்மை" என்பதை எதிர்வாதமாக வைக்க 2006ஆம் ஆண்டுத் திருத்தம்தான் வழிசெய்தது. அதுவும் தாராளமாக இல்லை: பொதுநலன் இருக்க வேண்டும், நல்லெண்ணத்தோடு கேட்டிருக்க வேண்டும், நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். எழுதுகிறவனுக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான். இந்தப் புத்தகத்திலோ உள்ளே பழைய பிரிவே இருக்கிறது. திருத்தத்தைக் கடைசி அட்டையின் உட்புறம் ஒரு துண்டுச்சீட்டில் ஒட்டியிருக்கிறார்கள். 13க்குக் கீழே 'பின்னால் பார்க்க' என்றுகூட இல்லை. மேலட்டையில் மட்டும் 'புதிய பதிப்பு'!

வழக்குக் குறிப்புகளும் 2002இல், அருந்ததி ராய்க்கு ஒருநாள் சிறையும் 2000 ரூபாய் அபராதமும் விதித்ததோடு நின்றுவிடுகின்றன. பதவியில் இருந்த உயர் நீதிமன்ற நீதிபதி கர்ணனுக்கே 2017இல் ஆறு மாதச் சிறை விதித்தது இல்லை. ட்வீட்டுகளுக்காக வழக்கறிஞர் பிரசாந்த் பூஷணுக்கு 2020இல் ஒரு ரூபாய் அபராதம் விதித்ததும் இல்லை. அந்த ஒரு ரூபாயைக் கட்டத் தவறினால் மூன்று மாதச் சிறை, மூன்று ஆண்டு வழக்காடத் தடை என்று இருந்தது. இன்று சமூக வலைத்தளத்தில் எழுதுகிற யாருக்கும் முதலில் தேவைப்படும் வழக்கு அதுதானே?

சரி, வாங்கலாமா? சட்ட மாணவர்கள் வேண்டாம், தேர்வில் 13ஆம் பிரிவு காலை வாரிவிடும். எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் பழைய வழக்குக் குறிப்புகளுக்காக வைத்துக்கொள்ளலாம். சட்ட வாசகத்தை மட்டும் அரசின் இந்தியா கோட் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் துண்டுச்சீட்டைப் பிரித்து 13ஆம் பிரிவின் மேலேயே ஒட்டிவிட்டேன். ஐந்துக்கு இரண்டரை.