டிரான்ஸ்பார்மர் வேலிக்கு எர்த்திங்: ஓம் கணக்கோடு நின்றுவிடாத வேலை

எங்கள் அடுக்ககத்துக்கு 11 கே.வி. உயரழுத்த இணைப்பு உண்டு. டிரான்ஸ்பார்மரைச் சுற்றியுள்ள கம்பிவலை வேலியை ஒட்டித்தான் மாலையில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். சென்ற ஆண்டு அங்கே எர்த்திங்கை, அதாவது பழுதின்போது மின்சாரத்தை மண்ணில் இறக்கும் இணைப்பை, முழுவதும் மாற்றிக் கொடுத்த ஒப்பந்தக்காரரின் வேலையைப் பற்றி, சங்கச் செயலாளர் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் வந்த இருவர், எர்த்தின் மின்தடையை "ஒரு ஓமுக்குக் கீழே கொண்டுவந்துடலாம் சார்" என்று விலைப்புள்ளியை நீட்டிவிட்டுப் போனார்கள். இவரோ விலை பேசுவதற்கு முன்பே, நான்கு முளைகளைச் சம இடைவெளியில் ஒரே வரிசையாக அடித்து மண்ணின் மின்தடைத் தன்மையை அளந்துகொண்டார். பழுதின்போது 500 ஆம்பியர் மண்ணில் இறங்கினால், 1 ஓம் இருந்தாலும் எர்த்தில் சேர்ந்த இரும்பெல்லாம் தொலைவிலுள்ள தரையைவிட 500 வோல்ட் உயர்ந்து நிற்கும் என்றும், அதில் வேலியைத் தொட்டவரின் கைக்கும் காலுக்கும் இடையே எவ்வளவு வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றும் அவர் விளக்கியபோதே வேலையை இவரிடம் கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டோம்.

நியூட்ரலுக்கும் டிரான்ஸ்பார்மர் உடலுக்கும் தனித்தனியே எர்த் குழிகள் போட்டது எல்லோரும் செய்வதுதான். வேலிக்கு வெளியே ஒரு மீட்டர் தள்ளி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையை வளையமாகப் புதைத்து, அதை வேலித் தூண்களோடு பற்றவைத்ததுதான் இவருடைய தனித்தன்மை. வேலியைத் தொடுகிறவரின் காலடி மண்ணும் வேலியோடு சேர்ந்தே உயரும் என்பதால் வித்தியாசம் குறையும். துருப்பிடித்த கீலை நம்பாமல், கதவையும் தூணையும் பின்னல் செம்புப் பட்டையால் இணைத்தார். வெளிப்பக்கம் திறந்த கதவை, அது வளையத்தைத் தாண்டிப் போகாதபடி, உள்பக்கம் திறக்குமாறு மாற்றினார்.

குறை, தரையில் பரப்பிய ஜல்லியில்தான். ஒப்புக்கொண்டது நான்கு அங்குலம்; கொட்டியதோ இரண்டு அங்குலம், அதுவும் பாதி தூசி. தூசி கலந்த ஜல்லி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், காலுக்கும் மண்ணுக்கும் நடுவே அது தர வேண்டிய தடையே போய்விடும். மூன்று முறை போனில் கேட்ட பிறகுதான் சலித்த ஜல்லி வந்தது.

இறுதி அளவீட்டை மழை ஓய்ந்த மறுவாரமே எடுத்து 0.8 ஓம் என்று எழுதித் தந்ததையும் நான் ஏற்கவில்லை. ஈர மண்ணில் அந்த எண் அழகாகத்தான் வரும். மே மாதத்தில் மறுபடி அளந்து தருவதாக எழுதி வாங்கிக்கொண்டு, மீதித் தொகையில் ஒரு பகுதியை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறோம்.