மூன்று பென்ஸ்: வெள்ளியா, பித்தளையா?

பழைய பிரிட்டிஷ் சில்லறை சேர்க்கத் தொடங்குபவர்கள் தயங்கும் இடம் இது. மதிப்பு ஒன்றே, மூன்று பென்ஸ்; காசு இரண்டு.

அடையாளம்: வெள்ளிக்காசு வட்டம், 16 மில்லிமீட்டர், 1.4 கிராம், சட்டைப்பையில் இருப்பதே தெரியாது. பித்தளைக்காசு 12 பக்கம், 6.8 கிராம், தடவினாலே தெரியும்.

உலோகம்: வெள்ளியில் ஆண்டைப் பாருங்கள். 1919 வரை 92.5 சதவீதம், 1920-இல் 50 சதவீதமாக்கிவிட்டார்கள். 92.5 சதவீதக் காசிலேயே 1.3 கிராம் வெள்ளிதான், அதனால் எடைக்கு விற்றால் பெரிதாகக் கிடைக்காது. பித்தளைக்கு உலோக மதிப்பே கிடையாது.

விலை: பித்தளையில் ஆண்டுதான் எல்லாம். பெரும்பாலானவை மலிவு, 1946, 1949 கிடைத்தால் விடாதீர்கள். பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டின் 1937 பித்தளைக்காசு மிக அபூர்வம், அதனால் போலிகளும் உண்டு. வெள்ளியில் 1945 ஆண்டுக் காசு கிட்டத்தட்ட முழுவதும் உருக்கப்பட்டது.

பராமரிப்பு: இரண்டையும் தேய்க்காதீர்கள், தயவுசெய்து. பளபளப்பாக்கிய காசின் விலை விழுந்துவிடும். அப்புறம், வழக்கப்படி கிறிஸ்துமஸ் புட்டிங் என்ற இனிப்புக்குள் போட்டு எடுத்த வெள்ளிக்காசுகளும் ஏராளம். அவற்றின் மேற்பரப்பைக் கவனியுங்கள்.

குறைந்த செலவில் ஆண்டு வரிசை சேர்க்கப் பித்தளை. விக்டோரியா காலத்தைக் கையில் பிடித்துப் பார்க்க ஆசையா? வெள்ளிதான்.