அரூர், ஊத்தங்கரைப் பக்கம் பழைய மர ஜன்னல் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஜன்னல் ரிப்பேர் என்று வந்து எங்களை ஏமாற்றிய ஆளின் பெயர், போன் நம்பர் எதையும் இங்கே போடவில்லை. நம்பர் இப்போது அணைந்து கிடக்கிறது. பெயர் அவருடையதுதானா என்பதே சந்தேகம். அதனால் அந்த ஆள் வந்து நின்ற விதத்தையும் பேசிய பேச்சையும் எழுதுகிறேன். உங்கள் வாசலில் அதே பேச்சு கேட்டால் அடையாளம் தெரியட்டும்.

அரூரில் இருப்பது அப்பா 1986-இல் கட்டிய வீடு. முன்பக்கம் நான்கு ஜன்னல், பின்கட்டில் சமையலறைக்கு ஒன்று. எல்லாம் மரம். நிலையிலேயே துளை போட்டுக் கோத்த கனமான இரும்புக் கம்பிகள். இரண்டு பொங்கலுக்கு ஒருமுறை பச்சை எனாமல் பெயிண்ட் ஏறி ஏறி, உள்ளே என்ன மரம் என்று யாரும் யோசித்ததே இல்லை. நான் வேலை நிமித்தம் கிருஷ்ணகிரியில் இருக்கிறேன், அம்மா மட்டும் அங்கே.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. அது கடலோரத்துச் சமாச்சாரம், நமக்கென்ன என்றுதான் இருந்தோம். அதற்கடுத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, அரூரில் 33. ராத்திரி முழுக்க ஜன்னல் கதவு அடித்துக்கொண்டதில் இரண்டு கண்ணாடி போயிற்று. ஒரு கதவின் அடிச்சட்டம் மூட்டு விட்டுத் தொங்கியது. மீதியெல்லாம் ஊதிப்போய், திறந்தால் சாத்த முடியாது, சாத்தினால் திறக்க முடியாது.

அம்மா அப்போதே சொன்னார்: “மரம் தண்ணி குடிச்சிருக்குடா. காயட்டும். தை மாசம் ஆசாரிய வரச் சொல்லலாம்.” கேட்டிருக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். பைக்கில் இரண்டு பேர். “ஜன்னல், கதவு ரிப்பேர் இருக்குங்களா சார்?” மழைக்குப் பிறகு வீதிவீதியாகக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். இருக்கிறது என்று உள்ளே கூப்பிட்டவன் நான்தான்.

வந்தவர் முதலில் உடைந்த கண்ணாடியைப் பார்க்கவில்லை. அதை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும். பாக்கெட்டிலிருந்து பைக் சாவியை எடுத்து, நிலையின் உள்மூலையில், யார் கண்ணிலும் படாத இடத்தில், பெயிண்டை ஒரு கீறு கீறினார். வந்த தூளை விரலில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். நான் மரம் உளுத்திருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் மற்ற மூன்று ஜன்னலுக்கும் போய் அதே மாதிரி ஒரு கீறு.

பிறகுதான் பேச்சு ஆரம்பித்தது. நிலைக்கும் சுவருக்கும் நடுவே ஒட்டியிருந்த மண்ணை உடைத்துக் காட்டினார். “பாருங்க சார், கரையான். உள்ள மொத்தமும் போயிருக்கும். இன்னிக்கு ஜன்னல், நாளைக்கு கதவு, அடுத்தது பரண்.” அம்மா பயந்துவிட்டார். உண்மையில் அது குளவிக்கூடு. கரையான் மண் கோடு கோடாகச் சுவரில் ஊர்ந்து ஏறும். குளவி கட்டுவது உருண்டை உருண்டையாக, உள்ளே பொந்து இருக்கும். நாற்பது வயது வரை ஊரில் வளர்ந்த எனக்கு இது தெரியாததில்லை. அன்றைக்கு ஏன் தோன்றவில்லை என்றால், அவர் அதை உடைத்துத் தூளாக்கிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ரிப்பேர் செய்தால் பணம் தண்டம், யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னல் போட்டுவிடலாம் என்றார். சட்டத்துக்கு உள்ளே இரும்பு வைத்தது, டஃபன்டு (உறுதியேற்றிய) கண்ணாடி, பத்து வருஷம் வாரண்டி, சதுர அடி 600 ரூபாய். “பழைய மரத்த நாங்களே எடுத்துட்டுப் போயிடறோம், உங்களுக்கு அந்தத் தொல்லையும் வேண்டாம்” என்று சொல்லி, அதற்கு 2,000 ரூபாய் கழித்துக்கொண்டார். பெரிய மனசுதான்.

அளவிலேயே ஒரு விளையாட்டு நடந்தது. எங்கள் ஜன்னல் நாலடி ஒரு அங்குலத்துக்கு நாலடி ஒரு அங்குலம். அந்த ஒரு அங்குலத்தை அரை அடியாக ஏற்றி நாலரைக்கு நாலரை என்று எழுதினார். ‘ரவுண்டு பண்றது தொழில் வழக்கம் சார்.’ நான்கு ஜன்னலுக்கு 81 சதுர அடி, 48,600 ரூபாய். நிஜ அளவு 67 சதுர அடிகூட வராது. ஒரு அங்குலத்துக்கு நான் கொடுத்த விலை எட்டாயிரத்து ஐநூற்றுச் சொச்சம். முன்பணம் 30,000 ஜிபேயில் போட்டேன். திரையில் வந்த பெயர் வேறு. கேட்டதற்கு “மச்சான் அக்கவுண்ட்” என்றார். பின்கட்டு ஜன்னலையும் மாற்றச் சொன்னார். கையில் காசில்லை என்று அதை விட்டேன். அதுதான் பிழைத்தது.

வேலைக்கு வந்த அன்று நான் கிருஷ்ணகிரியில். முதல் வேலையாக நான்கு நிலைகளையும் கடப்பாரை போட்டுப் பெயர்த்திருக்கிறார்கள். பழைய நிலை சுவருக்குள் இரும்புப் பட்டை போட்டுப் பதித்திருக்கும். அதை நெம்பும்போது சுற்றிலும் பூச்சு ஒரு ஜாண் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. மரத்தை மட்டும் ஒரு கீறல் விழாமல் எடுத்து, சாக்குப் போட்டுச் சுற்றி, குட்டி யானையில் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் புது ஜன்னலைத் தொட்டார்களாம். குப்பைக்குப் போகிற மரத்துக்கு எதற்குச் சாக்கு என்று அம்மா கேட்டிருக்கிறார். “வண்டியில ஆணி கிழிக்கும்மா” என்று பதில்.

நிலையோடு இரும்புக் கம்பியும் போய்விட்டது. சாயங்காலம் அம்மா போன் செய்து, “டேய், ஜன்னல்ல கம்பியே இல்லடா, கண்ணாடிதான் இருக்கு, நான் எப்படித் தூங்கறது?” என்றபோதுதான் எனக்கே உறைத்தது. கிரில் தனி ரேட் என்றார்கள். அதற்குள் மீதி 16,600-ஐயும் அம்மாவிடம் வாங்கிவிட்டார்கள். கிரில்லுக்கு வேறு ஆளைப் பிடித்து 14,000 செலவு செய்தேன். சுவர் பூச கொத்தனார் கூலி தனி.

பிப்ரவரியில் பின்கட்டு ஜன்னலுக்காக அம்மா ஆசாரியைக் கூப்பிட்டார். எழுபதைத் தொடும் வயது. முற்றத்தில் செருப்பைக் கழற்றியவர் முன்பக்கம் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“இங்க இருந்த ஜன்னல் எங்க தம்பி?”

மாற்றிவிட்டோம், கரையான் என்று சொன்னேன்.

“தேக்குலயா?” என்றார்.

அப்பாவோடு போய் மரம் பார்த்து எடுத்தவரே அவர்தானாம். பின்கட்டு ஜன்னல் கதவைக் கீலிலிருந்து கழற்றித் தலைகீழாகப் பிடித்து அடி விளிம்பைக் காட்டினார். அங்கே பெயிண்டே இல்லை. முப்பத்தெட்டு வருஷமாக எந்தப் பெயிண்டரும் கதவைக் கழற்றி அடியில் பூசியதில்லை. பழுப்புத் தங்க நிறத்தில் மரம். விரலில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு, பழைய தோல் பையைத் திறந்தால் வருகிற மாதிரி ஒரு வாசனை. சாவியால் கீறி மூக்கில் வைத்துப் பார்த்தது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

ஒரு ஜன்னலுக்கு நிலையும் கதவுமாக ஏறக்குறைய இரண்டரை கன அடி மரம் என்று ஆசாரி கணக்குச் சொன்னார். நான்குக்கு பத்து கன அடி. சேலத்தில் பழைய மரம் விற்கும் ஒரு கடையில் விசாரித்தேன்; நன்கு காய்ந்த பழைய தேக்கு கன அடி 2,500 வரை போகும் என்றார் கடைக்காரர். நாங்கள் 2,000 ரூபாய்க்குக் கொடுத்தது 25,000 ரூபாய் மரம். இரும்புக் கம்பியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சரி, அந்தப் பின்கட்டு ஜன்னலுக்கு ஆசாரி என்ன செய்தார்? பெரிதாக எதுவும் இல்லை. தண்ணீர் குடித்த மரம் தானாகவே பாதி வற்றியிருந்தது. வெயிலில் காய வைத்தால் முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும் என்று நிழலில் சாய்த்து வைத்து இன்னும் பத்து நாள் விட்டார். அடிச்சட்டத்தின் மூட்டைப் பிரித்து, சுத்தம் செய்து, பசை விட்டு இறுக்கி, மூங்கில் ஆணி அடித்தார். பக்கவாட்டில் இழைப்புளியால் இரண்டு நூல் அளவு சீவினார். விரிசல் விட்ட கண்ணாடியை மாற்றி ரீப்பர் அடித்தார். கடைசியாக அந்தப் பெயிண்ட் படாத அடி விளிம்புக்கு இரண்டு கை பிரைமர். “தண்ணி ஏறின வழி இதுதான் தம்பி. மேல எத்தன கோட் அடிச்சாலும் இந்த வழி தொறந்தே இருந்துச்சு” என்றார். கூலி, கண்ணாடி, சாமான் எல்லாம் சேர்த்து 2,150 ரூபாய். ஐந்து ஜன்னலுக்கும் இப்படிச் செய்திருந்தால் பதினோராயிரத்தைத் தாண்டியிருக்காது.

மே மாதம் கோடை மழை காற்றோடு வந்தது. முன்பக்க ஜன்னல் நான்கிலும் தண்ணீர் உள்ளே வழிந்தது. ஸ்லைடிங் ஜன்னலின் அடித்தண்டவாளத்தில் மழைநீர் விழத்தான் செய்யும். அது வெளியே போக வெளிச்சட்டத்தின் அடியில் நீளநீளமாகச் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். எங்கள் ஜன்னலில் துளை இருந்தது, அதன்மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சிலிக்கான் அடைக்க வேண்டிய இடத்திலும் அதே சிமெண்ட். வெயிலுக்கு முடி அளவு விரிந்து வழி விட்டிருந்தது.

‘உள்ளே இரும்பு’ என்பதைச் சோதிக்க பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றிச் சட்டம் முழுக்க வைத்துப் பார்த்தேன். எங்கும் ஒட்டவில்லை. காற்றடித்தால் சட்டம் ஏன் நடுங்குகிறது என்று தெரிந்தது. டஃபன்டு கண்ணாடி என்றால் மூலையில் அழியாத முத்திரை ஒன்று பொறித்திருக்கும் என்று கண்ணாடிக் கடையில் சொன்னார்கள். அந்தக் கண்ணாடி உடைந்தால் கல்கண்டு மாதிரி உதிரும், ஈட்டி மாதிரி நிற்காது. எட்டுக் கண்ணாடியிலும் தேடினேன். சாதாரணக் கண்ணாடி. அதுபோக, ஸ்லைடிங்கில் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். முன்பு கதவை விரியத் திறந்தால் வரும் காற்றில் பாதிதான் இப்போது அரூர் வெயிலுக்கு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, நான் யோசிக்காதது.

யூபிவிசியே மோசம் என்று நான் சொல்லவில்லை. ஓசூரில் நண்பர் வீட்டில் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள், பெருமழைக்கும் சொட்டு உள்ளே வருவதில்லை.

வாரண்டி கார்டில் இருந்த தருமபுரி முகவரியைத் தேடிப் போனேன். நான்கு ரோட்டுக்கு அருகில், மாடியில் என்று போட்டிருந்தது. அங்கே இருந்தது ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் என் கையிலிருந்த கார்டைப் பார்த்ததும், “நீங்க மூணாவது ஆளு சார்” என்றார். மற்ற இரண்டு பேரில் ஒருவர் ஊத்தங்கரை, ஒருவர் மொரப்பூர். நம்பர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள், பேசினேன். மொரப்பூர்க்காரர் வீட்டில் எடுத்துப்போனது வாசக்கால் உட்பட.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. பில் இல்லாவிட்டாலும் ஜிபே விவரம், வாட்ஸ்அப் பேச்சு, போட்டோ எல்லாம் சான்றாக வைக்கலாம். என் சிக்கல், எதிர்தரப்புக்கு முகவரி இல்லை. இருப்பது அந்த ‘மச்சான்’ பெயர் மட்டும். அதை வைத்துப் போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். இதே கார்டு வைத்திருக்கும் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.

நேற்று ஊரிலிருந்து அம்மா பேசினார். வாசலில் யாரோ “ஜன்னல், கதவு ரிப்பேர் இருக்குங்களா” என்றார்களாம். “இருக்கு, ஆசாரி வருவாரு” என்று சொல்லிவிட்டு உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாராம்.