காரைக் கொடுத்து எஞ்சின் வாங்கி மூன்று வருடம்

கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடியில் உப்புக்காற்று எந்த இரும்பையும் சும்மா விடாது. என் 2007 மாடல் மாருதி 800 கடற்கரையை ஒட்டித் திறந்த வெளியில்தான் நிற்கும். 2022-ல் 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வேண்டி வந்தது. அந்த ஏப்ரலில்தான் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகியிருந்தது. கதவின் அடித்தகடோ விரல் நுழையும் அளவுக்கு அரித்துப் போயிருந்தது. வெல்டிங் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு, நாகர்கோவிலில் ஒரு வியாபாரியிடம் 58,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். விற்கிறவர்களுக்கு ஒன்று: உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டதோடு இருந்துவிடாதீர்கள், ஆர்.சி. வாங்கியவர் பேருக்கு மாறியதைக் கண்ணால் பாருங்கள்.

பணம் முழுவதும் அண்ணனின் ஃபைபர் வள்ளத்துக்கு, அதாவது மீன்பிடிப் படகுக்குப் போனது. 9.9 குதிரைத்திறன் கொண்ட பழைய எஞ்சின் 42,000. கையடக்க வயர்லெஸ் 11,500. லைஃப் ஜாக்கெட் இரண்டு 3,000. மிச்சம் கயிறுக்கும் கேனுக்கும் சரியாக இருந்தது.

எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரை நெருங்கும்போது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி மறுநாள் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும்.

நாலாவது மாதம், கரையிலிருந்து 14 கிலோமீட்டரில் அது நின்றது. எஞ்சினைக் குளிர்வித்துப் பக்கவாட்டில் பீய்ச்ச வேண்டிய தண்ணீர் வரவில்லை, ரப்பர் கருகும் வாடை. அண்ணன் உடனே அணைத்துவிட்டார். தண்ணீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரின் இதழ்கள் உடைந்திருந்தன. புதிது மாட்டியிருக்கிறேன் என்று சொல்லித்தான் எஞ்சினை விற்றார்கள். திறந்து காட்டச் சொல்லாமல் வாங்கியது என் தவறு. ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் ஆழம் குறைந்த இடத்தில் ஓட்டும்போது மணலையும் சேர்த்து உறிஞ்சும், அதனால் இப்போது வருடத்துக்கு ஒரு இம்பெல்லர் கணக்கு வைத்திருக்கிறோம்.

அன்றைக்கு போனில் டவர் இல்லை. வயர்லெஸில் அவசர அழைப்புக்கான 16-வது சேனலில் கூப்பிட்டதும், ராஜாக்கமங்கலம் துறையிலிருந்து வந்திருந்த ஒரு வள்ளம் ஒரு மணி நேரத்தில் வந்து கட்டி இழுத்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது கடலில் இருந்தவர்களைக் கூப்பிட வழியில்லாமல் கரையில் நின்ற ஊர் இது. கையடக்கக் கருவி சில கிலோமீட்டர்தான் எட்டும், அக்கம்பக்கத்து வள்ளத்துக்குத்தான் உதவும். ஆனாலும் கொடுத்த காசில் ஒரு ரூபாய்கூட எனக்கு வலிக்காத பொருள் அதுதான்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் தோற்றுவிட்டேன். கனமான நுரை வைத்தது. "மக்கா, இத மாட்டிட்டு வலை இழுக்க முடியாது" என்று முதல் வாரமே அண்ணன் கழற்றிப் போட்டார். கை வீச இடம் விட்டுத் தைத்த ஒல்லியானது வாங்கியிருக்க வேண்டும்.

அப்புறம், 200 ரூபாய் நீல டிரம். பழைய கடையில் வாங்கியது. கரைக்கு வந்ததும் அதில் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் கீழ்க்காலை (தண்ணீருக்குள் இறங்கும் அடிப்பகுதியை) முக்கி 10 நிமிடம் ஓட விடுவோம். உள்ளே தங்கிய உப்பு கழுவி வெளியேறிவிடும். காருக்கு வாரம் ஒருமுறைகூட அடியில் தண்ணீர் அடித்ததில்லை, அதனால்தான் அந்தக் கதவு போனது. கீழ்க்காலில் இருக்கும் துத்தநாகத் துண்டை இதுவரை ஒருமுறை மாற்றியிருக்கிறோம். எஞ்சினின் உலோகத்துக்குப் பதில் அரிபடுவது அதன் வேலை, அதன்மேல் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள்.

ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இந்த வருடம் ஓய்ந்ததும் ஒல்லி ஜாக்கெட் இரண்டு வாங்கப் போகிறேன். அண்ணனையும் கடைக்குக் கூட்டிப்போய், போட்டுப் பார்த்துக் கையை வீசச் சொல்லித்தான் பில் போடுவேன்.