வலது பக்கமா, இடது பக்கமா? பெருங்குடல் புற்றுநோயில் இடமும் முக்கியம்

பெருங்குடல் ஒரே குழாய்தான். ஆனால் கருவிலேயே அதன் வலது பகுதி நடுக்குடலிலிருந்தும், இடது பகுதி பின்குடலிலிருந்தும் உருவாகிறது. அங்கே வரும் புற்றுநோய்களும் வேறு வேறு குணம் கொண்டவை.

இடது பக்கக் கட்டி குடலைச் சுருக்கும். மலச்சிக்கல், மலத்தில் ரத்தம் என்று சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். வலது பக்கம் குடல் அகலம், மலமும் நீர்த்திருக்கும். அதனால் கட்டி சத்தமில்லாமல் வளரும். பலருக்கு ரத்தசோகைதான் முதல் அறிகுறி. வயதானவருக்குக் காரணம் தெரியாத ரத்தசோகை என்றால், இரும்புச்சத்து மாத்திரையோடு நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

மரபணுவிலும் வித்தியாசம் உண்டு. இடதில் குரோமோசோம் குளறுபடி அதிகம். வலதில் பிராஃப் மரபணு மாற்றமும், டிஎன்ஏ பிழைதிருத்தக் கோளாறும் கூடுதலாகத் தென்படும். அந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு நோயெதிர்ப்புச் சிகிச்சை நன்றாகக் கைகொடுக்கிறது.

சரி, சிகிச்சையில் இதற்கு என்ன அர்த்தம்? நோய் பரவிய, கேராஸ் என்ற மரபணுவில் மாற்றமில்லாத நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், செடுக்ஸிமாப் என்ற புற்றுநோய் மருந்தைப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம்) இடது பக்கக் கட்டிக்கு 36 மாதம்; வலது பக்கத்துக்கு 17 மாதம்கூட இல்லை. மருந்து ஒன்றேதான்.