விடுதலைக்குப் பின் நிலம்: பார்படோசும் பிரிட்டிஷ் கயானாவும்

1838 ஆகஸ்ட் 1 அன்று அடிமைமுறையிலிருந்து முழு விடுதலை கிடைத்தபோது, கரீபியத் தீவான பார்படோஸ், தென் அமெரிக்காவின் வடகரையிலுள்ள பிரிட்டிஷ் கயானா (இன்றைய கயானா) ஆகிய இரு பிரிட்டிஷ் கரும்புக் காலனிகளின் தொழிலாளர்களும் சட்டப்படி ஒரே நிலையில்தான் இருந்தனர். அவர்களின் பாதையைப் பிரித்தது நிலம். பார்படோசில் விளைநிலம் ஏறக்குறைய முழுவதும் தோட்ட முதலாளிகளிடமே இருந்ததால், குடியிருக்க இடம் வேண்டுமென்றால் அதே தோட்டத்தில் குறைந்த கூலிக்கு உழைக்க வேண்டியிருந்தது. வெளியேற்றப்பட்டால் பிரித்து வண்டியில் ஏற்றிச் செல்லும்படி, அடித்தளமின்றிக் கற்களின்மேல் நிறுத்திய பலகை வீடுகளில் அவர்கள் வாழ்ந்ததே இந்நிலையை நன்கு காட்டுகிறது.

கயானாவிலோ 1839-இல் 83 பேர் தங்கள் சேமிப்பைத் திரட்டி நார்த்புரூக் தோட்டத்தையே விலைக்கு வாங்கி, விக்டோரியா என்ற கிராமத்தை அமைத்தனர். நாணயங்களைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனதாக இன்றும் சொல்கிறார்கள். கூலிக்குப் பேரம் பேசும் வலிமை அங்கே தொழிலாளிக்குக் கூடுதலாகவே இருந்தது. அதை முறிக்கவே முதலாளிகள் கல்கத்தாவிலிருந்தும், பின்னர் சென்னையிலிருந்தும் ஒப்பந்தத் தொழிலாளர்களை வரவழைத்தனர். அச்செலவில் ஒரு பகுதி விடுதலை பெற்றவர்கள் செலுத்திய வரியிலிருந்தே போனதுதான் கொடுமை.

அரசியலில் பார்படோஸ் சற்று முந்திக்கொண்டது: கறுப்பின வழிவந்த சாமுவேல் ஜாக்மன் பிரெஸ்காட் 1843-இல் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். எனினும், சொத்துத் தகுதி விதியால் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமை இல்லை.